பாட்டி பின்னிய முயலும் எட்டு வெள்ளிக் கணக்கும்

கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பேப்பர்ல பேரு வந்தா மருமவ கோவிச்சுக்கும் தம்பி" என்பது அவர் சொன்ன காரணம். பதினான்கு வயதில் அம்மாவோடு மங்கு துடைக்கப் போனவர். இருபத்தெட்டு வருஷம் பால் வெட்டியவர். தோட்டத்து நிலம் வீடமைப்புக்குப் போனதும் லயத்தை விட்டு வந்து, இப்போது மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை! இன்றைய சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்டு தோட்டம். ஷா ஆலம் நகரம் எழும்பியதும் சுங்கை ரெங்கம் தோட்டத்து மண்ணில்தான்.

வேறொரு விஷயமாகத்தான் நாம் அந்த வீட்டுக்குப் போனோம். போன காரியம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆனால் கதவோரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த பாட்டியின் மடியில் ஒரு முயல் கிடந்தது. சாம்பல் நிறம், ஒரு சாண் உயரம், நீளமான காது ஒன்று. இன்னொரு காது ஊசியில் பாதி வளர்ந்திருந்தது. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பொம்மை மாதிரி இருக்கிறதே என்று கையில் எடுத்துப் பார்த்தோம். அத்தனையும் நூல்! குரோஷே ஊசியால் கண்ணி கண்ணியாகப் பின்னியது.

"எங்க பாட்டி கத்துக்கிட்டீங்க?"

"தோட்டத்துலதான். பெரிய கிராணியார் சம்சாரம் சொல்லிக் குடுத்தாங்க. அப்ப ஊசி வாங்கக் காசு ஏது? சைக்கிள் கம்பிய ஒடிச்சி, நுனிய அரத்துல ராவி, கொக்கி மாதிரி வளைச்சி எங்க அண்ணன் செஞ்சி குடுத்தாரு. அதுலதான் மொத மொதல்ல டீவி மேல போடற விரிப்பு பின்னுனேன். எங்க வீட்ல அப்ப டீவியே கெடையாது!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பழைய தோட்டத்து ஆட்களுக்கு இது புதுமையில்லை. மாலையில் சமையல் முடிந்த பிறகு அஞ்சடியில் உட்கார்ந்து சிலர் வயர்க் கூடை பின்னுவார்கள், சிலர் மணி கோப்பார்கள், சிலர் இந்தக் கொக்கி ஊசியை எடுப்பார்கள். மேசை விரிப்பு, நாற்காலி முதுகுக்குத் துணி, சாமிப் படத்துக்குத் தோரணம் எல்லாம் அப்படி வந்தவை. ஆனால் பிள்ளைகளுக்குப் பொம்மை என்று யாரும் பின்னியதாக நமக்கு நினைவில்லை. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானைக் காடே கொடுத்தது. ஒட்டுப்பாலை இழுத்துச் சுருட்டிச் சுருட்டிப் பந்து. பால் டின்னில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டிய வண்டி. ரப்பர் விதையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தால் அவன் துள்ளிக் குதிப்பான். அந்த விளையாட்டுக்கு ஈடு எது!

அடுக்குமாடிக்கு வந்த பிறகு காடும் இல்லை, விதையும் இல்லை. பேத்தி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சோறு தின்கிறாள். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் பாட்டி பழைய ஊசியைத் தேடி எடுத்திருக்கிறார். மருமகள் அதே கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். ஜப்பானில் 'அமிகுருமி' என்று பெயர் சொல்லி இப்படிக் குட்டிப் பொம்மைகள் பின்னுகிறார்கள். பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த பொம்மை என்று அர்த்தம். பாட்டிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ஆனால் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் வேலை பிடிபட்டுவிட்டது.

ஆறும் ஆறும் பன்னிரண்டு

இந்த வேலையின் சூட்சுமத்தைப் பாட்டி நமக்குச் சொல்லிக் கொடுத்தார். ஊசி பிடித்துப் பழகிய சகோதரிகள் இதை வைத்தே ஒரு பந்து பின்னிவிடலாம்.

நூலை விரலில் சுற்றி ஒரு வளையம் செய்து, அதற்குள் ஆறு கண்ணி போட வேண்டும். வால் நூலை இழுத்தால் நடுத்துளை மூடிக்கொள்ளும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு போட்டால் பன்னிரண்டு. அதற்கடுத்த சுற்றில் ஒன்றில் ஒற்றை, ஒன்றில் இரட்டை என்று போனால் பதினெட்டு. பிறகு இருபத்து நான்கு. சுற்றுக்கு ஆறு கூடிக்கொண்டே போகும். வேண்டிய அகலம் வந்ததும் கூட்டாமல் நாலைந்து சுற்று அப்படியே போய், பஞ்சை அடைத்துக்கொண்டே அதே ஆறு கணக்கில் குறைத்துக்கொண்டு வந்தால் உருண்டை தயார். தலை ஓர் உருண்டை, உடம்பு சற்று நீண்ட உருண்டை, கையும் காலும் காதும் குழாய்கள். யானையாக இருந்தாலும் ஆமையாக இருந்தாலும் இவ்வளவுதான். சுற்று எங்கே தொடங்கியது என்று மறந்துவிடும் என்பதால், முதல் கண்ணியில் வேறு நிறத்து நூல்துண்டு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும்.

நூல் சுருட்டின் காகிதத்தில் போட்டிருக்கும் ஊசி அளவைவிட ஒரு படி சின்ன ஊசியை எடுப்பது நல்லது. பின்னல் நெருக்கமாக விழும். பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது. பாட்டியிடம் இருப்பது 2.5 மில்லிமீட்டர். உள்ளே அடைக்க முன்பெல்லாம் இலவம்பஞ்சு. தோட்டத்து ஓரத்தில் மரம் நிற்கும், காய் வெடித்துக் காற்றில் பறக்கும். இப்போது அது வேண்டாம் என்கிறார். துவைத்தால் கட்டி கட்டியாகிவிடுகிறது. கடையில் விற்கும் பாலியெஸ்டர் பஞ்சுதான் தண்ணீருக்குத் தாங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொம்மைக்குக் கண் வைப்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பளபளவென்று இருக்கிறதே என்று பொத்தானும் பாசிமணியும் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை எதையும் முதலில் வாயில்தான் வைக்கும். பிய்ந்து வந்த பொத்தான் தொண்டையில் அடைத்தால் என்ன ஆகும்? கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிட்டால் பயமே இல்லை. அதேபோல் நீளமாகத் தொங்கும் கயிறோ வாலோ கைக்குழந்தையின் பொம்மைக்கு ஆகாது. ஏணைக்குள்ளும் தொட்டிலுக்குள்ளும் தூங்கும் பிள்ளையோடு பொம்மையைப் போட்டு வைக்கவும் கூடாது. முகத்தில் அமுங்கினால் தள்ளிவிடத் தெரியாத வயது அது.

டென்மார்க்கில் 2013-இல் சிலர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கென்று நூலில் ஆக்டோபஸ் பின்னி ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன் கால்களைக் குழந்தை பற்றிக்கொள்கிறது, தொப்புள்கொடியைப் பிடித்த நினைவில் அமைதியாக இருக்கிறது என்றார்கள். அந்தப் பழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. அங்கேகூடச் சுத்தப் பருத்தி நூல்தான், 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும், காலை இழுத்துப் பிடித்தாலும் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டுதான் செய்தார்கள். யாராவது நம் பக்கத்தில் அப்படிக் கொடுக்க நினைத்தால், முதலில் ஆஸ்பத்திரித் தாதியரைக் கேட்டுவிட்டு ஊசியை எடுப்பது நலம்.

முப்பது முயல் வேண்டுமாம்

இதெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது பாட்டி மெதுவாக ஒரு விஷயத்தை எடுத்தார். அதற்காகத்தான் இந்த வாரம் இவ்வளவு எழுதுகிறோம்.

பேத்தியின் முயலைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்திருக்கிறார். பரிசுப் பொருள் வாங்கி விற்பவர். தீபாவளிக்கு முன்னால் முப்பது முயல் வேண்டும், ஒன்றுக்கு எட்டு வெள்ளி தருகிறேன், நூலும் பஞ்சும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றாராம். பாட்டிக்கு ஆசை. "முப்பதெட்டு எரநூத்து நாப்பது வெள்ளி தம்பி. சும்மா ஒக்காந்திருக்கற நேரம்தான?"

நமக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. செய்யுங்கள் பாட்டி என்று வாய்தவறிச் சொல்லியும் விட்டோம். பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு முயலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டோம். பாட்டி விரல்விட்டு எண்ணினார். தலைக்கு ஒரு மணி நேரம், உடம்புக்கு ஒன்றரை, கை கால் காதுக்கெல்லாம் சேர்த்து இரண்டு, அடைத்துத் தைத்து முகம் வைக்க ஒன்றரை. ஆக ஆறு மணி நேரம். நூலுக்கு ஐந்து வெள்ளி, பஞ்சுக்கு ஒரு வெள்ளி. எட்டில் ஆறு போனால் மிச்சம் இரண்டு. ஆறு மணி நேர வேலைக்கு இரண்டு வெள்ளி! மணிக்கு முப்பத்து மூன்று காசு.

முப்பது முயலுக்கு நூற்றெண்பது மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இருபத்திரண்டரை நாள். கையில் நிற்பது அறுபது வெள்ளி.

நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 வெள்ளி என்று உயர்ந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் 8 வெள்ளி 72 காசு. அந்தக் கணக்கில் ஒரு முயலுக்குக் கூலி மட்டும் 52 வெள்ளி 32 காசு. நூலும் பஞ்சும் சேர்த்தால் 58 வெள்ளி 32 காசு. நாம் தாளில் எழுதிக் காட்டினோம். பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டி, தோட்டத்துல பாலு நிறுக்கும்போது ஒரு ராத்தல் குறைச்சா சும்மா விட்டிருப்பீங்களா?"

"விடறதா! மெட்ரோலாக்க வுட்டுப் பாத்துட்டு, பால்ல தண்ணி கலந்திருக்குன்னு ஒருநாள் கிராணி சொல்லிட்டாரு. பெரட்டுல அத்தன பேரு முன்னால நின்னு கேட்டவ நானு!"

அப்படிப்பட்டவர்தான் ஊசியைக் கையில் எடுத்ததும் கணக்கை விட்டுவிட்டார். குறை அவர்மேல் இல்லை. வெட்டுக் கத்தியைப் பிடித்தால் அது வேலை, பின்னல் ஊசியைப் பிடித்தால் அது பொழுதுபோக்கு என்று நாமெல்லாம் சேர்ந்துதானே சொல்லி வைத்திருக்கிறோம்? கட்டைவிரல் மூட்டு இரண்டுக்கும்தான் வலிக்கிறது.

இது கிள்ளானில் மட்டும் நடக்கிற கதையில்லை. ஆந்திராவில் கோதாவரிக் கரைப் பக்கம் நரசாபூர் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் வீட்டுப் பெண்கள் சொல்லிக் கொடுத்த பின்னல், அந்த வட்டாரம் முழுக்கப் பரவியது. அந்த ஊர்ப் பின்னலுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அங்கே போய்த் தங்கி, அந்தப் பெண்களின் நிலையை 1982-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். வீட்டு வேலையோடு சேர்த்து நாளெல்லாம் பின்னினார்கள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது. வியாபாரிகள் வீடு கட்டினார்கள். பின்னியவர் கைக்கு வந்தது, வயல் வேலைக்குப் போகும் பெண்ணின் கூலியைவிடக் குறைவு. ஏன் இப்படி என்று கேட்டால், அவர்கள் வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்தானே, ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்று பதில் வந்ததாம். பாட்டி சொன்ன அதே வார்த்தை!

அயர்லாந்திலும் 1840-களில் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னிமாடங்களில் கற்றுக் கொடுத்த இந்தப் பின்னல்தான் பல வீடுகளுக்குக் கஞ்சி வார்த்தது. பசிக்குப் பின்னுகிறவரால் விலை பேச முடியுமா?

இதில் யாரும் யோசிக்காத சங்கதி ஒன்று உண்டு. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் இருக்கிறது, துணி நெய்ய இருக்கிறது. ஆனால் நிஜமான குரோஷே பின்னலை இயந்திரத்தில் போட்டு ஆலைக்கணக்கில் உற்பத்தி செய்ய இன்னும் வழி வரவில்லை. ஆகவே பாசார் மாலாமிலோ பேரங்காடியிலோ குரோஷே முயல் பன்னிரண்டு வெள்ளிக்குத் தொங்கினால், எந்த நாட்டிலோ ஒரு பெண் அதைக் கையால்தான் பின்னியிருக்கிறாள். அவள் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பிரிக்பீல்ட்ஸ் பெண் சொன்ன வழி

கணக்கைக் காட்டி ஒருவர் ஆசையைக் கெடுத்துவிட்டு வந்தது மனசை உறுத்தியது. விற்கவே முடியாதா என்ன? அடுத்த வாரம் கோலாலம்பூர் போனபோது பிரிக்பீல்ட்ஸில் இறங்கினோம். தீபாவளி சமயத்தில் அங்கே கடை போட்டு, தான் பின்னிய பொம்மைகளையே விற்கும் பெண் ஒருவரை முன்பு பார்த்திருந்தோம். அவரும் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால் வெட்டியவர். பகலில் அலுவலக வேலை, ராத்திரியில் பின்னல்.

"அண்ணே, நானும் மொதல்ல பெரிய பொம்மைதான் வச்சேன். அறுபது வெள்ளின்னா எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிடுவாங்க. இப்ப கடையில சாவிக்கொத்து மட்டுந்தான்" என்றார்.

கட்டைவிரல் அளவில் ஒரு கத்திரிக்காய், ஒரு குருவி, ஒரு மாங்காய். ஒன்று பின்ன முக்கால் மணி நேரம். நூல் ஒரு வெள்ளிக்கூட ஆகாது. பத்து வெள்ளி என்றால் யோசிக்காமல் வாங்குகிறார்கள். மணிக்கணக்கில் பார்த்தால் சட்டம் சொல்லும் கூலியைத் தாண்டி நிற்கிறது. பெரிய பொம்மை வேண்டுமென்று கேட்பவரிடம் பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டுதான் ஊசியை எடுப்பாராம். பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருளை விற்பதற்குப் பாதுகாப்பு விதிமுறைகளை அரசாங்கம் 2009-லேயே கொண்டு வந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சாவிக்கொத்து அட்டையில் 'சிறு குழந்தைகளுக்கு அல்ல' என்று கையால் எழுதி ஒட்டுகிறார். கடை போட நினைக்கிற நம் சகோதரிகள் இதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய தோழி ஒருவருக்குக் கண்பார்வை இல்லை. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். அந்தத் தோழியும் பின்னுகிறார். கண்ணியை விரல்நுனியால் தடவித் தடவி எண்ணுகிறார். ஒரு கண்ணி தப்பாது. "கண்ணு தெரியறவங்க டீவியப் பாத்துக்கிட்டே எண்ணிக்கைய விட்டுடறாங்க" என்று அவர் கேலி செய்ததாகக் கேள்விப்பட்டோம்.

போகிற போக்கில் ஒன்று. மலாய்க்காரர்கள் குரோஷே பின்னுவதை 'மெங்காயிட்' என்கிறார்கள். நீண்ட கழியில் கொக்கி கட்டித் தேங்காய் பறிப்பதற்கும் அதே சொல்தான். பின்னல் ஊசியைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

மறுபடியும் கிள்ளான் போய்ப் பாட்டியைப் பார்த்தோம். சாவிக்கொத்து யோசனையைச் சொன்னோம். அவ்வளவு சின்னதாகப் பின்னக் கண் இடம் கொடுக்காது என்றுவிட்டார். சரி, அந்த ஆள் வந்தாரா?

"வந்தாரு. நீங்க எழுதிக் குடுத்த தாள அப்படியே நீட்டுனேன். அம்பத்தெட்டு வெள்ளி முப்பத்திரண்டு காசுன்னேன். சிரிச்சாரு. பன்னெண்டு வாங்கிக்கன்னாரு. காச வுடு, நான் கொஞ்சம் யோசிக்கணும்னு அனுப்பிட்டேன்."

"யோசிச்சீங்களா?"

"யோசிக்க என்னா இருக்கு? மேல் மாடில ஒரு புள்ள பொறந்திருக்கு. நேப்பாளத்துக்காரப் பொண்ணோ வங்காளத்துக்காரப் பொண்ணோ தெரியல, புருஷன் பாக்டரி வேல. தனியாக் கெடக்குது. அதுக்கு ஒரு ஆமை பின்னிக்கிட்டிருக்கேன்."

முயல் முடிந்து பேத்தியின் கையில் இருந்தது. ஒரு காதைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். காது பிய்யவில்லை. அப்படியொன்று நம் வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டும் என்று சொல்லி, அதே கணக்குப்படி ஐம்பத்தெட்டு வெள்ளியை எடுத்து நீட்டினோம். அவ்வளவுதான், பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவன் விக்கறதுக்குக் கேட்டான், கணக்குச் சொன்னேன். நீங்க புள்ளைக்குக் கேக்கறீங்க. அதுக்குப் போயி காச நீட்டறீங்களே தம்பி, நல்லாவா இருக்கு?"

நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். ஆமையை முடித்த பிறகுதான் நம் முயலாம். அடுத்த மாதம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். வரும்போது மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால் பச்சை நூல் ஒரு சுருட்டும் பழுப்பு இரண்டும், 2.5 மில்லிமீட்டர் ஊசி ஒன்றும் வாங்கி வர வேண்டும். பழைய ஊசியின் பிடி அவருக்கு வழுக்குகிறதாம்.